எடைக்கு வாங்கிய ஷேப்பர்

முதல் நாள், உக்கடம்

பழைய இரும்பு வாங்குவதற்கு ராத்திரி ரயிலேறி கோயம்புத்தூர் போகணுமா, திருநெல்வேலியில் இரும்பே இல்லையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இரும்பு இருக்கிறது, ஷேப்பர் இல்லை.

ஷேப்பர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தச்சருக்கு இழைப்புளி எப்படியோ, இரும்புக்கு ஷேப்பர் அப்படி. ஒற்றை உளி. முன்னே போகும்போது சீவும், பின்னே வரும்போது சும்மா வரும். 1836 வாக்கில் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதை உருவாக்கினார். நீராவிச் சம்மட்டி செய்த அதே நாஸ்மித். ஐ.டி.ஐ. படித்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதன் முன்னால் நின்று தூங்கி வழிந்திருப்பார்கள். அவ்வளவு பொறுமையான மெஷின். கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின்கள் வந்த பிறகு இதை யாரும் சீந்துவதில்லை. அதனால்தான் என் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. மில்லிங் கட்டர் மழுங்கினால் அதைச் சரியாகத் தீட்டத் தனி மெஷின் வேண்டும். ஷேப்பர் உளியை வீட்டு கிரைண்டரிலேயே இரண்டு நிமிஷத்தில் தீட்டிவிடலாம். கொல்லைப்புறத்தில் பட்டறை போட்டிருக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு அது போதும்.

மச்சான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த கடைக்குப் போனோம். உடைந்த கிரைண்டர் கல், பஸ் ஸ்பிரிங் பட்டை, பம்ப்செட் கூடு, இவற்றுக்கு நடுவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. 12 அங்குல ஷேப்பர்: உளியைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடுகிற ராம் அதிகபட்சம் 12 அங்குலம் ஓடும். பெயர்த்தகடு இருந்த இடத்தில் நாலு ரிவெட் ஓட்டை மட்டும். ராமைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் பல் உடைந்த கியர் இல்லை, வார்ப்பில் விரிசல் இல்லை. கையில் கொண்டுபோன சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டிக் கேட்டேன். விரிசல் விட்ட வார்ப்பிரும்பு கீறல் விழுந்த பானை மாதிரி சத்தம் போடும். இது சுத்தமாக ஒலித்தது.

கடைக்காரர் கேட்டார்: "மெஷினா வாங்கறீங்களா, இரும்பா வாங்கறீங்களா?"

இரண்டுக்கும் விலை வேறாம். மெஷின் என்றால் 40,000. இரும்பு என்றால் கிலோ 42. இரும்பாகவே கொடுங்கள் என்றேன்.

"இரும்புன்னா சம்மட்டி போட்டு ஒடச்சுத்தாங்க ஏத்துவோம்."

மச்சான் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்ன விதம் அப்படி. கடைசியில் கிலோ 42, சம்மட்டி படாமல் இருக்க 500 தனி என்று பேசி முடித்தோம்.

இரண்டாம் நாள், ஆவாரம்பாளையம்

எடை மேடையில் 520 கிலோ. மோட்டாரையும் சேர்த்துத்தான். 21,840 ரூபாய், மேலே அந்த 500.

குட்டியானையில் ஏற்றி மச்சானின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டு லேத்து போட்டு ஜாப் ஒர்க் செய்கிறான். அந்தச் சந்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் பம்ப் இம்பெல்லர், அடுத்த வீட்டில் கிரைண்டர் பாகம், அதற்கும் அடுத்ததில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார்கள். 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. ஒவ்வொரு பெரிய மில்லுக்குள்ளும் ரிப்பேருக்கென்று ஒரு பட்டறை இருக்கும். லேத்து, டிரில்லிங், கூடவே ஒரு ஷேப்பர். மில் மூடினால் அதெல்லாம் உக்கடத்துக்கு வரும். என்னுடையதும் அப்படி ஒரு மில்லிலிருந்து வந்ததுதான் என்றார் கடைக்காரர்.

இறக்குவதற்கு செயின் பிளாக்கும் நாலு இரும்புப் பைப்பும் போதுமாக இருந்தன. பைப்பின் மேல் உருட்டி, பின்னால் வெளியே வந்த பைப்பை எடுத்து முன்னால் போட்டு, கடப்பாரையால் நெம்பி, மறுபடி உருட்டி. தேர் இழுக்கிற மாதிரிதான், சத்தம் போட ஆள் மட்டும் குறைவு.

சாயங்காலம் ஃபிட்டர் ஐயா வந்தார். மில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மச்சானிடம் அரை நாள் வேலைக்கு வருகிறார். மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். எண்ணெய் விடும் ஓட்டை ஒன்றில் விரல் வைத்தார். நகத்தில் கறுப்பாக, மெழுகு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"எண்ணெ ஊத்தற ஓட்டைல கிரீஸ வெச்சு அடச்சிருக்கானுங்க, பாருங்க தம்பி."

கிரீஸ் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் கழுவி வெளியே தள்ளும். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள்

கழற்றல். ஒவ்வொரு போல்ட்டையும் எடுக்குமுன் போட்டோ. பழைய பிஸ்கட் டப்பாக்களில் பிரித்துப் போட்டேன்: மேசை, குறுக்குத் தண்டவாளம், டூல் தலை, கியர். போல்ட்டெல்லாம் நூல் கணக்கு, ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். நாலு நூல், அஞ்சு நூல். மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்றும் ஒழுங்காக உட்காரவில்லை. இழுத்துப் பிடித்துத் திருகினால் மூலை மழுங்கிவிடும் என்று மச்சான் தேடித் தேடி அங்குல ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான்.

ராம் நேற்று ராத்திரி முழுக்க டீசலில் ஊறியிருந்தது. காலையில் ராமை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் கிப் பட்டையின் திருகுகளைத் தளர்த்தி, பின்பக்கம் ஒரு வேப்பங்கட்டையை வைத்து மரச்சுத்தியலால் தட்டினோம். பத்துப் பதினைந்து தட்டுக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஒரு முனகல். கால் அங்குலம் நகர்ந்தது. அப்புறம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, செயின் பிளாக்கில் பிடித்துக்கொண்டோம்.

துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ராமின் புறாவால் வடிவச் சறுக்குத்தளத்தின் இரண்டு கடைசியிலும், முதன்முதலில் இந்த மெஷினைச் செய்தவர் கையால் சுரண்டிய அடையாளம் அப்படியே இருக்கிறது, மீன் செதில் மாதிரி. நடுவில் எதுவுமே இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்ற நேர்ப்பட்டையை வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை விட்டோம். நடுவில் 0.15 மில்லிமீட்டர் தகடு உள்ளே போனது. கடைசிகளில் எதுவும் போகவில்லை.

ஃபிட்டர் ஐயா கையால் அளந்தார். தேய்ந்த பகுதியின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "இது பூராவும் கீவே போட்ட மெசினுங்க தம்பி" என்றார். கீவே என்றால் புல்லி தண்டில் வழுக்காமல் இருக்க ஆப்பு உட்காரும் காடி. "12 இஞ்ச் இருந்து என்ன, நாலு இஞ்ச்சுக்கு மேல ஓடுனதே இல்ல. புல்லி கீவே, கப்ளிங் கீவே. மில்லுல வேறென்ன வேல இதுக்கு?"

தேய்மானம் ஒரே சீராக இருந்தால் தொல்லை இல்லை. கிப்பை இறுக்கினால் தீர்ந்தது. இது அப்படி இல்லை. நடுவுக்கு ஏற்ற மாதிரி இறுக்கினால் கடைசியில் ராம் மாட்டிக்கொள்ளும். கடைசிக்கு ஏற்ற மாதிரி விட்டால் நடுவில் லொடலொட என்று ஆடும்.

நாலாம் நாள்

இன்றைக்கு என் மடத்தனத்தைத்தான் எழுத வேண்டும்.

துருப்பிடித்த சின்னச் சாமான்களை மின்சாரத்தில் துரு நீக்கலாம் என்று திட்டம். பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், லிட்டருக்கு ஒரு கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானுக்கு மைனஸ், பலிகொடுக்கிற பழைய கம்பித் துண்டுக்கு பிளஸ். அந்தக் கம்பி சாதா இரும்பாக இருக்க வேண்டும். எவர்சில்வர் போட்டால் தண்ணீரில் குரோமிய விஷம் இறங்கும். கிளம்பும் குமிழியில் ஹைட்ரஜன் இருப்பதால் மூடின அறையில் செய்யக் கூடாது. இதெல்லாம் மச்சானுக்கு நான்தான் வகுப்பு எடுத்தேன். வகுப்பு முடிந்து, டூல் தலையின் கைப்பிடித் திருகைத் தொட்டியில் இறக்கி, சிவப்பு வயரைத் திருகிலும் கறுப்பு வயரைக் கம்பியிலும் மாட்டிவிட்டு சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கம்பி பளிச்சென்று இருந்தது. கைப்பிடியின் மரை பாதி கரைந்து, எலி கொறித்த மாதிரி ஆகியிருந்தது.

ஃபிட்டர் ஐயா அதை எடுத்துப் பார்த்தார். "நல்லா கெளீனாயிருச்சு" என்றார்.

மச்சான் லேத்தில் புதுசு கடைந்து கொடுத்தான். பழையதைவிட நன்றாகவே இருக்கிறது. மீதிச் சாமான்களுக்கு வயரை மாற்றிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் பார்த்து உறுதி செய்த பிறகே சுவிட்ச் போட்டோம். வெளியே எடுத்தால் துரு கறுப்புக் களிம்பாக மாறியிருக்கும்; பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். உடனே காயவைத்து எண்ணெய் பூசாவிட்டால் அரை மணியில் புதுத் துரு பூக்கும்.

ஐந்தாம் நாள்

ஞாயிறு. ஷெட் பூட்டு. தங்கச்சி வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். தூங்கினேன்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும்

இரண்டு நாளும் ஒரே வேலை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

ராம் முழுவதையும் சுரண்டிப் புதுசாக்கிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். இணையத்தில் அப்படித்தான் செய்து காட்டுகிறார்கள். ஃபிட்டர் ஐயா கணக்குப் போட்டுச் சொன்னார். கடைசிகளை 0.15 இறக்க வேண்டும். ஒரு சுற்று சுரண்டினால் அஞ்சு மைக்ரான், அதாவது 0.005 மில்லிமீட்டர் போகும். முப்பது சுற்று. அதுவும் இரண்டு கடைசி, இரண்டு பக்கம். பிறகு அதற்கு ஜோடியான உடம்புத் தளம்.

"நீங்க இதுல என்ன வேல பாக்கப் போறீங்க?"

சின்ன வைஸ், லேத்துக்கு டூல் போஸ்ட், அக்கம்பக்கத்தில் கேட்டால் கீவே என்றேன்.

"அப்ப ஆறு இஞ்ச் ஓடுனாப் போதும். எட்டுக்கு மாட்டாம ஓடற மாதிரி பண்ணிருவோம். மிச்சத்த விடுங்க."

எனக்கு மனசு ஒப்பவில்லை. 12 அங்குல மெஷினை வாங்கி எட்டு அங்குலத்துக்கு ஓட்டுவதா? கொஞ்ச நேரம் வாக்குவாதம் செய்தேன். அவர் பதில் பேசாமல் ஒரு பழைய தட்டை அரத்தை கிரைண்டரில் காட்டி, நுனியை லேசான வளைவாகத் தீட்டி, எண்ணெய்க் கல்லில் இழைத்து என் கையில் கொடுத்தார். அதுதான் ஸ்க்ரேப்பர். முப்பது சுற்று வேண்டுமானால் போடுங்கள் என்று அர்த்தம்.

ஸ்ட்ரெயிட் எட்ஜில் பிரஷ்யன் ப்ளூ என்ற நீலக் களிம்பை விரலால் தடவ வேண்டும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி. கனமாகத் தடவினால் பள்ளத்திலும் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். ராமின் மேல் வைத்து இரண்டு அங்குலம் முன்னும் பின்னும் தேய்த்து எடுத்தால், மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த நீலத்தை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். அடுத்த சுற்று குறுக்குத் திசையில், அதற்கடுத்தது மறுபடி நேர்த் திசையில். ஒரே திசையில் சுரண்டினால் அலை விழும். கையால் தள்ளக் கூடாது. ஸ்க்ரேப்பரின் பிடியை இடுப்பில் அண்டக் கொடுத்து உடம்பால் தள்ள வேண்டும். நான் கையால்தான் தள்ளினேன். நாலாவது சுற்றில் தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. அவர் வந்து நின்று பத்துத் தள்ளு தள்ளினார். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரே அளவில் மாவு மாதிரி இரும்புத் தூள் உதிர்ந்தது. என்னுடையதில் ஒன்று ஆழம், ஒன்று கீறல், ஒன்றில் ஒன்றுமே இல்லை.

முதல் நாள் சாயங்காலம் மூன்று பெரிய நீலத் திட்டுகள் இருந்தன. இரண்டாம் நாள் மத்தியானம் அவை உடைந்து புள்ளிகளாகப் பரவ ஆரம்பித்தன. அதுதான் வேண்டும்; புள்ளிகள் தாங்கிக்கொள்ளும், அவற்றுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் எண்ணெய் தங்கும். இருவருமாகக் கடைசிகளை 0.06 அளவுக்கு இறக்கியிருந்தோம். பன்னிரண்டு சுற்று. அதில் ஒன்பது அவருடையது.

கடைசிகளின் ஓரத்தில் அந்தப் பழைய மீன் செதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம் என்றார். எனக்கும் தொடத் தோன்றவில்லை.

பெயிண்ட் விஷயத்திலும் தோற்றேன். சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் இரண்டு லிட்டர் டப்பா வாங்கி வைத்திருந்தேன். "பெயிண்ட் அடிச்சா லாரிக்காரன் நல்லாருக்குதும்பான்" என்றார். டப்பா ஷெட்டிலேயே இருக்கிறது. மச்சான் கேட்டுக்கு அடித்துக்கொள்ளட்டும்.

எட்டாம் நாள்

மோட்டார் ஒரு ஹெச்.பி., த்ரீ ஃபேஸ். என் வீட்டில் சிங்கிள் ஃபேஸ். இதற்கு வி.எஃப்.டி. என்ற பெட்டி கிடைக்கிறது. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கிக்கொண்டு 230 வோல்ட் த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும். ஆனால் இந்த மோட்டார் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியது. 230-இல் முழு பலத்தோடு ஓட வேண்டுமானால் டெல்டாவாக மாற்ற வேண்டும். ஸ்டார், டெல்டா இரண்டும் உள்ளே இருக்கும் காயில்களை இணைக்கிற விதங்கள். அதற்கு ஆறு வயர் வெளியே வர வேண்டும். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் மூன்று வயர்தான் இருந்தது. மற்ற மூன்று முனையும் உள்ளே காயிலுக்குள் ஒன்றாக முறுக்கிக் கட்டிப் புதைந்து கிடக்கிறது.

அடுத்த சந்தில் காயில் கட்டுகிறவரிடம் எடுத்துப் போனோம். காயில் கருகவில்லை, புதுசாகக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்தத் தொழிலில் அப்படிச் சொல்கிறவரைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறது. வார்னிஷ் படிந்த கட்டுநூலை சூடு காட்டி இளக்கி, ஊசியால் பிரித்து, அந்த முடிச்சைத் தேடி எடுத்து, மூன்றாகப் பிரித்து, மூன்று புது வயரைப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டு வெளியே இழுத்தார். ஒன்றரை மணி நேரம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மோட்டாரைச் செய்த ஊர் இது. அதற்கும் இந்த மனிதரின் விரலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொன்னேன். கூலி 400 என்றார்.

சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டினோம். எண்ணெய் ஓட்டைகளில் கிரீஸைக் குடைந்து எடுத்திருந்தோம். புது பெல்ட். சுவிட்ச் போட்டதும் ராம் மெதுவாக முன்னே போனது, சட்டென்று பின்னே வந்தது.

போகும்போது நிதானம், வரும்போது அவசரம். ஷேப்பரின் அழகே இதுதான். உள்ளே பெரிய பல்சக்கரத்தில் ஒரு முளை இருக்கிறது. அது கீழே கீல் போட்ட ஒரு நீளக் கையின் காடிக்குள் ஓடுகிறது. சக்கரம் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. முளை மேலே, கீலுக்கு எட்ட இருக்கும்போது கை மெதுவாக ஆடும். கீழே, கீலுக்குப் பக்கத்தில் வரும்போது அதே கையை வேகமாகத் தள்ளிவிடும். சீவுகிற நேரம் நீளம், சும்மா வருகிற நேரம் குறைவு. எலக்ட்ரானிக்ஸ் ஒன்றும் இல்லை. ஒரு முளையும் ஒரு காடியும்தான்.

ஃபிட்டர் ஐயா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு கிப் திருகை அரைக்கால் சுற்று தளர்த்தினார். "சரிங்க, கெளம்புங்க" என்றார். கூலியை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், லாரியில்

மேசையைக் கழற்றித் தனியாக வைத்து, ராமை நடுவில் நிறுத்தி, அடியில் கட்டை கொடுத்து, நாலு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கினோம். இந்த மெஷினுக்குத் தலை கனம். ஒரு வளைவில் சாய்ந்தால் கதை முடிந்தது. பல்லடம், தாராபுரம் வழியாக. ரெண்டு பக்கமும் காற்றாலை. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி லாரிகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம். டிரைவர் தம்பி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியில் மெஷினைப் பார்த்தார், நான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. திண்டுக்கல்லில் சாப்பாடு. சாத்தூர் தாண்டும்போது இருட்டிவிட்டது. கோவில்பட்டியில் வீட்டுக்குக் கடலைமிட்டாய் வாங்கினேன்.

பன்னிரண்டாம் நாள், பாளையங்கோட்டை

இடையில் இரண்டு நாள் இறக்குவதிலும் ரசமட்டம் பார்ப்பதிலும் போயிற்று. கொல்லையில் ஏற்கெனவே போட்டு வைத்த ஆறு அங்குல கான்கிரீட் மேடை. ஒரு மூலையில் மட்டும் தகடு கொடுக்க வேண்டியிருந்தது.

இன்றைக்குக் காலையில் அதன் மேசையை அதைக்கொண்டே சீவினேன். ஷேப்பர்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். தன் ராமின் ஓட்டத்துக்கு ஏற்றபடி தன் மேசையைத் தானே மட்டம் செய்துகொள்ளும். யாரோ வேலை கற்றுக்கொண்டவர்கள் மேசையில் டிரில் இறக்கிய ஓட்டைகள் ஏழெட்டு இருக்கின்றன. மேசையின் நீளம் அந்த எட்டு அங்குலத்துக்குள் அடங்கியது. 0.1 மில்லிமீட்டர் ஆழம்தான் கொடுத்தேன். வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வராது, பொடியாக, சூடான மிளகுத்தூள் மாதிரி தெறிக்கும். ராம் பின்னே வரும்போதெல்லாம் உளி லேசாகத் தூக்கிக்கொண்டு, முடிவில் டக் என்று விழும். முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த டக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். ஓட்டைகள் போகவில்லை. இடது பின்மூலையில் உளி படவே இல்லை, இன்னொரு 0.1 இறக்கினால் பட்டுவிடும். இறக்கவில்லை.

மத்தியானம் அடுத்த தெரு மாவு மில்காரர் வந்தார். சத்தம் கேட்டதாம். கையில் ஒரு புது புல்லி.

"அண்ணாச்சி, இதுல ஒரு கீவே போட முடியுமா? டவுனுக்குப் போனா நாளைக்கு வாங்காங்க."

மூன்று அங்குல கனம். துவாரத்துக்குள் போகிற கம்பியில் சின்ன உளியை மாட்டினேன். உள்ளே உளி தூக்க இடமில்லை என்பதால், உளியைத் தூக்கவிடும் கிளாப்பரைப் பூட்டினேன். முளையை நகர்த்தி ஓட்டத்தை நாலு அங்குலத்துக்கு வைத்தேன். ராம் தானாக அந்தக் கண்ணாடி வழவழப்பின் நடுவில் வந்து நின்றது.